அண்ணன் அளந்து எழுதிய நோட்டுப் புத்தகம்

அண்ணன் போய் ஒரு வருடம் முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவரைத் தெரிந்தவர்கள்தான். அவர் நல்லவர், பொறுமைசாலி, யாரையும் கடிந்து பேசாதவர் என்று எழுதினால் அது உண்மை. ஆனால் அதை எழுத நான் தேவையில்லை. படத்துக்குக் கீழே அதையெல்லாம் அச்சகத்துக்காரரே போட்டுவிடுவார்.

எனக்கு அலங்காரமாக எழுத வராது. முப்பது வருடம் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவள். நேராகச் சொல்லித்தான் பழக்கம். இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை அச்சடிக்க வேண்டாம் என்று பங்காளிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பகுதிக்காகத்தான் கட்டுரையே எழுதுகிறேன்.

அண்ணனுக்குக் கிடைக்க இருந்த ரயில்வே வேலை போனதற்கு எங்கள் தாய்மாமன் மகன் வேலு மாமாதான் காரணம், அவர்தான் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தார் என்று நம் வீடுகளில் இத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவரை எந்தக் கல்யாணத்துக்கும் அழைத்ததில்லை. அவர் அம்மா இறந்தபோது எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. அவர் காட்டிக்கொடுக்கவில்லை. யார் செய்தது என்று எனக்குத் தெரியும். வரிசையாகச் சொல்கிறேன்.

அண்ணன் வடக்கனந்தலில் பிறந்தார். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் கரும்பு. அண்ணன் பள்ளி முடித்து, ஐ.டி.ஐ.யில் ரேடியோ வேலை படித்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரேடியோ, டேப்ரெக்கார்டர் பழுது பார்க்கும் கடை போட்டார். கை சுத்தமான வேலை. காலையில் கொடுத்த ரேடியோ மாலையில் பாடும். சொன்ன நேரத்துக்குக் கொடுப்பார், அதனால் கடையில் எப்போதும் ஆள் இருக்கும்.

அந்த ஊரில் ரயில் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் சின்னசேலம் போக வேண்டும். அப்போது அங்கே மீட்டர் கேஜ் பாதை, நீராவி எஞ்சின். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வருவார். இது சின்ன வயதிலிருந்தே இருந்த பைத்தியம். அது கைவேலையாக மாறியது ஒரு பழைய பேப்பர் கடையில். சுவிட்ச் பெட்டி பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் பக்கம் இருந்தது. கோட்டு போட்டு டை கட்டிய பெரிய மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். மேசை மேல் சின்ன ரயில், சின்ன ஸ்டேஷன், சின்ன மனிதர்கள். அண்ணன் அந்தக் காகிதம் வந்த பழைய பேப்பர் கடைக்குப் போய் மீதிப் பக்கங்களையும் தேடி எடுத்து வந்தார்.

என்னிடம் காட்டி, "பாரு, இவ்ளோ பெரிய ஆளுங்க இதப் பண்றாங்க. நாம பண்ணா இன்னா?" என்றார்.

அம்மாவுக்கு எரிச்சல். "கல்யாணம் பண்ற வயசுல சொப்பு வெச்சி ஆடிக்கினு கிடக்குது பாரு," என்று வருகிற போகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அண்ணனும் கூடவே சிரிப்பார்.

அந்தப் பத்திரிகைக்காரர்கள் பெரும்பாலும் உண்மை ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் செய்கிறார்கள். அந்த அளவுக்கு எல்லாம் கடையில் கிடைக்குமாம். அண்ணன் அந்த அளவை எடுக்கவில்லை. காரணம் அவரிடம் இருந்த ஸ்கேல். ஆசாரிகள் வைத்திருக்கும் ஒரு அடி இரும்பு ஸ்கேல் அது. ஓர் அங்குலத்தில் பதினாறு கோடு. அவர் ஓர் அடிக்கு மூன்று கோடு என்று வைத்துக்கொண்டார். அப்படி வைத்தால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு வரும். ஐந்தடி ஆள் பதினைந்து கோடு. அறுபத்து நாலு அடி ரயில் பெட்டி சரியாக ஓர் அடி. தண்டவாளத்துக்கு நடுவே உள்ள ஒரு மீட்டர், பத்துக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கம்மி. கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு அவர் பட்ட சந்தோஷத்தை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. வீட்டில் அதற்கு 'மூணு கோடு' என்று பெயர். "மூணு கோட்டுல போட்டா கட்டில் எத்தினி?" என்று நான் கேட்பேன். உடனே சொல்லிவிடுவார்.

பிறகு அந்தப் பத்திரிகை முகவரிக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது. அந்த அளவில் செய்பவர்கள் தங்கள் நாட்டிலேயே கொஞ்சம் பேர்தான், அதில் மீட்டர் கேஜ் செய்பவரைத் தங்களுக்குத் தெரியாது, எல்லாவற்றையும் நீங்களேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் அதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் அவரே செய்தார். தண்டவாளத்துக்குக் குடைக்கம்பி. கம்பியின் பள்ளமான வாய் கீழே பார்க்கும்படி வைத்தால் தண்டவாளம் மாதிரியே இருக்கும், பற்றவைக்கவும் வரும். அடியில் குறுக்கே வரும் கட்டைகளுக்குக் கல்வராயன் மலை மூங்கிலைச் சிம்பாகச் சீவி, மை தோய்த்துக் காயவைத்து அடுக்குவார். ஜல்லிக்குக் கோமுகி ஆற்று மணலை மாவு சல்லடையில் சலித்தார். அம்மா சல்லடையைக் காணோம் என்று ஒரு நாள் முழுக்கத் தேடினார். பெட்டிக்கு எண்ணெய் டின் தகரம், ஓட்டுவதற்கு டேப்ரெக்கார்டர் மோட்டார். சக்கரம் மட்டும் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கினார்.

செய்வது என்று முடிவான பிறகு எதைச் செய்வது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சின்னசேலம் ஸ்டேஷன், அப்படியே. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவர் கணக்கில் பதினெட்டே முக்கால் அடி வந்தது. எங்கள் வீட்டில் அவ்வளவு நீளச் சுவர் கிடையாது. கொஞ்சம் குறைத்துச் செய்தால் என்ன என்று கேட்டேன். "கொறச்சா அது சின்னசேலம் இல்ல. ஏதோ ஒரு ஸ்டேஷன்," என்றார். நான்கு நான்கு அடிப் பலகைகளாகச் செய்து, சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டார்.

அதற்கு அளவு வேண்டும். ஞாயிறு ஞாயிறு வேலு மாமாவைக் கூட்டிக்கொண்டு போவார். வேலு மாமா டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பார், அண்ணன் மறுமுனையைப் பிடித்து எழுதுவார். பிளாட்பாரத்தின் உயரம், கைகாட்டிக் கம்பத்தின் உயரம், இரண்டு கட்டைக்கு இடையில் எவ்வளவு, தண்டவாளம் சேருமிடத்தில் எத்தனை போல்ட், ஊருக்கு வெளியே உள்ள சின்னப் பாலத்தில் எத்தனை வரிசைக் கல். எந்த வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் இருந்தது. தான் செய்யும் ரயிலை அதே நேரத்துக்கு ஓட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். எல்லாம் ஒரு நீள நோட்டில், குண்டு குண்டான எழுத்தில். ஸ்டேஷன் ஆட்களுக்கு இரண்டு பேரையும் தெரியும். தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வேலு மாமா கேலி பேசுவதில் கெட்டிக்காரர். "உங்கண்ணன் எனக்கு மூணு கோட்டுல ஒரு பொண்ணு பாத்துக் குடுத்தா போதும், பாக்கெட்டுல வெச்சிக்கினு போயிடுவேன்," என்பார். அவருக்கு அப்போது கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்தது. அண்ணனுக்கு அவரைவிட நெருக்கமானவர் வேறு யாரும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் ரயில்வே பரீட்சை எழுதித் தேறினார். உடல் பரிசோதனையும் முடிந்தது. போலீஸ் விசாரணை அறிக்கை போய்ச் சேர்ந்தால் ஆர்டர் வந்துவிடும் என்று சொன்னார்கள். அதே வருடங்களில்தான் எங்கள் சமூகத்துக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்தது. இளையவர்களுக்கு இன்று அது ஒரு வரிச் செய்தி. அந்த வாரம் எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பால் இல்லை. லாரி லாரியாகப் போலீஸ் வந்து இறங்கியது.

போராட்டத்துக்கு வரச் சொல்லி அண்ணனையும் கூப்பிட்டார்கள். பெரியப்பா மகன் வாசலில் நின்று, "உனக்கு வேல வந்துடுச்சுன்ற தெனாவெட்டா? உன் புள்ளைக்கு வாணாமா?" என்று கேட்டார். அண்ணன், "கேக்கறது நியாயம்தான்ணே. மரம் வெட்டறதுக்கு எனக்குக் கை வராது," என்றார். கடையும் பூட்டியிருந்ததால் வீட்டில் உட்கார்ந்து பிளாட்பாரத்துக்கு ஓரக்கல் வைத்துக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் போலீஸ் எங்கள் தெருவில் நுழைந்து வீட்டுக்கு வீடு ஆண்களை ஏற்றியது. மரம் வெட்டியவன், வெட்டாதவன் என்றெல்லாம் பார்க்கவில்லை. அண்ணனையும் ஏற்றினார்கள், வேலு மாமாவையும் ஏற்றினார்கள். காவல் நிலையத்தில் இடம் போதாமல் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். அம்மாவும் தெருப் பெண்களும் மண்டபத்து வாசலில் போய் உட்கார்ந்தார்கள். பெயர் எழுதிக்கொண்டு சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்று ஒரு ஏட்டு சொன்னாராம். அது வீட்டில் தனியாக இருந்த எனக்குத் தெரியாது.

எனக்கு அப்போது இருபது வயது. யாரையும் கேட்கும் வழக்கம் எனக்கு அன்றும் கிடையாது. ஆர்டர் வரும் நேரத்தில் அண்ணன் பெயர் கலவரக் கேசில் சேர்ந்துவிட்டால் வேலை போய்விடுமே என்று தோன்றியது. அண்ணன் அந்த மாதிரி ஆள் இல்லை என்று காட்ட வேண்டும். காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பலகையைத் தூக்க முடியாது. நோட்டை எடுத்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போகாமல் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன்.

எஸ்.ஐ. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவரும் இரண்டு நாள் தூங்காதவர் மாதிரிதான் இருந்தார்.

"எங்கண்ணன் கலாட்டாவுக்கெல்லாம் போற ஆளு இல்லீங்க. வூட்ல குந்திக்கினு ரயிலு பொம்ம செய்யுதுங்க. இதப் பாருங்க," என்று நோட்டை நீட்டினேன்.

அவர் புரட்டினார். முதலில் அசிரத்தையாகத்தான் புரட்டினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னாமா இது? தண்டவாளம் சேர்ற எடத்துல எத்தினி போல்ட்டுன்னு எழுதி வெச்சிருக்கான்?"

"அளவு சரியா வரணும்ங்க. அடிக்கு மூணு கோடு. ஒரு போல்ட்டு கம்மியா இருந்தாக்கூட எங்கண்ணன் ஒத்துக்காது."

"பாலத்துல கல்லு எண்ணியிருக்கான். வண்டி எத்தினி மணிக்குப் போவுதுன்னு வேற இருக்குது."

"அதே நேரத்துக்கு வுடணும்னுதாங்க."

"எத வுடணும்?"

"ரயிலதாங்க."

நான் பெருமையாகச் சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஒவ்வொரு பக்கமாகக் கேட்டார். நான் வாத்தியார் மாதிரி விளக்கினேன். பாலம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கமாக இறங்கி அளந்தார், அளக்கும்போது யார் பார்த்தார்கள் எல்லாம் சொன்னேன். டேப் பிடித்தது வேலு மாமா என்பது மட்டும் பேச்சில் வரவில்லை. அவர் எழுதிக்கொண்டார். அவர் முகம் மாறியதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். தண்டவாளத்தில் யாரோ கைவைக்கப் போகிறார்கள் என்று அந்த வாரம் முழுக்கப் போலீசுக்குப் பயம் இருந்தது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மண்டபத்திலிருந்து அண்ணனை மட்டும் பெயர் சொல்லிக் கூட்டி வந்தார்கள். உள்ளே வந்தவர் மேசை மேல் நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "நீ வூட்டுக்குப் போ," என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். வேலு மாமாவையும் விட்டார்கள். அண்ணனை மட்டும் விடவில்லை. ரயில் பாதையைச் சேதப்படுத்தச் சதி என்று கேஸ் எழுதியிருந்தார்கள். வக்கீல் அந்தக் காகிதத்தை எங்கள் வீட்டில் வைத்துப் படித்தார். 'கிடைத்த தகவலின் பேரில் வீட்டைச் சோதனையிட்டுக் கைப்பற்றிய நோட்டுப் புத்தகம்' என்று இருந்தது. ஒரு பெண் தானாகக் கொண்டுவந்து கொடுத்தாள் என்று எழுதினால் கேஸ் நிற்காது என்று நினைத்தார்களோ என்னவோ. அம்மா நாள் முழுக்க மண்டபத்து வாசலில் இருந்ததால், நானும் கொஞ்ச நேரம் வீட்டில் இல்லை என்று மட்டும் தெரிந்ததால், ஆளில்லாத நேரத்தில் போலீஸ் வந்து எடுத்துப் போயிருக்கும் என்று நம்பினார்.

பெரியப்பா மகன் உடனே சொன்னார்: "தகவல் குடுத்தவன் யாருன்னு தெரியாதா? டேப்பு புடிச்சவன் யாரு? கூடப் போனவன வுட்டுட்டாங்க, இவன மட்டும் வெச்சிக்கினாங்க. வேற யாரு சொல்லியிருப்பா?"

வேலு மாமா அங்கேதான் நின்றிருந்தார். "டேய், நான் ஒரு வார்த்த பேசலடா. என் பேர எழுதிக்கினு போவச் சொன்னான், அவ்ளோதான்," என்றார். அம்மா அவர் மேல் மண்ணை வாரித் தூற்றினார். தெருவே பார்த்தது. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

எனக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு எலவனாசூர்கோட்டை. தனியாகக் காவல் நிலையம் போய் அண்ணனுக்கு எதிராகச் சாட்சி கொடுத்த பெண் என்று தெரிந்தால் அது நின்றுபோயிருக்கும். அந்தப் பயம் உண்மை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். நான் ஒரு முட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதுதான் பெரிய பயம்.

அண்ணன் ஜாமீனில் வந்தபோது உடம்பு பாதியாகியிருந்தது. கையெழுத்துப் போட நம் சொந்தத்தில் கேட்டவர்கள் எல்லாம் வெளியூரில் இருந்தார்கள். வந்து போட்டவர் கடைக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருந்தவர், நம் சாதி இல்லை. வந்த அன்று கூட்டமாகச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து, "வேலுதானே சொன்னான்?" என்று கேட்டார்கள்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே, "வுடுங்க," என்றார்.

அதை எல்லோரும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அதில் இன்னொரு மனிதன் கெட்டான். அண்ணனுக்கு அது தெரியும். தை மாதம் என் கல்யாணம் முடிந்தது. இனிமேல் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். சொல்லவில்லை. அடுத்த வருடமும் சொல்லவில்லை. ரோட்டில் வேலு மாமா எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். உண்மை தெரிந்தவர் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பார் என்று இப்போது புரிகிறது. எதிரே வந்த வேலு மாமாவுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்றும் புரிகிறது.

கேஸ் வருடக்கணக்கில் இழுத்தது. கேஸ் இருக்கும்வரை ஆர்டர் கிடையாது. கடைசியில் வக்கீல் ஒரு யோசனை சொன்னார். அண்ணன் ஒரு பலகையை வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் வைத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். கண்டக்டர் அதற்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் போட்டார். நான் கைக்குழந்தையோடு எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்திருந்தேன்.

பிளாட்பாரத்தின் கிழக்கு முனை, கைகாட்டி, நாலடித் தண்டவாளம். மாஜிஸ்திரேட் நோட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு பலகைக்கு மேல் குனிந்தார். "இது எத்தனைல ஒரு பங்கு?" என்று கேட்டார்.

"அறுபத்து நாலுங்க ஐயா."

"நோட்டுல நாலு போல்ட்டுன்னு இருக்கு."

"இங்கயும் இருக்குங்க ஐயா. குண்டூசித் தல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார். நான்கு. அடுத்த இணைப்பிலும் எண்ணினார், அங்கும் நான்கு. கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அண்ணனை விடுதலை செய்தார். நல்ல மனிதர். ஆனால் அதற்குள் ரயில்வேயில் தேறியவர்கள் பட்டியல் காலாவதியாகியிருந்தது, அண்ணனுக்கு வயதும் தாண்டியிருந்தது. வேலை வேண்டும் என்று எந்த ஊர் ரோட்டில் இறங்கியதோ, அந்த ஊரில் கைக்கு வந்த வேலை ஒன்று இப்படிப் போனது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுதிவிட்டேன். பங்காளிகள் அச்சடிக்க வேண்டாம் என்று சொன்னது இதைத்தான்.

நோட்டு திரும்பக் கிடைக்கவில்லை. கேட்டுப் போனபோது எங்கோ கட்டுக்குள் இருக்கிறது என்றார்கள், பிறகு அதுவும் இல்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு அண்ணன் வாழ்ந்த வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். கல்யாணம் செய்தார். அண்ணி வந்தார், ஒரு மகள் பிறந்தாள். ரேடியோ போய் டி.வி. வந்தது, டி.வி. போய் செல்போன் வந்தது, ஒவ்வொன்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டு அதே கடையில் உட்கார்ந்திருந்தார். மகளை எஞ்சினியர் ஆக்கினார். யாரிடமும் குறை சொன்னதில்லை. அதைப் பொறுமை என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான் அருகிலிருந்து பார்த்தவள். அது களைப்பு. பேசுவதற்கு மிச்சம் எதுவும் இல்லாத களைப்பு.

பலகைகளை அவர் விடவில்லை. வருடத்துக்குக் கொஞ்சம் என்று செய்தார். ஆனால் ஐந்து பலகையில் ஒன்று வெறும் மரமாகவே இருந்தது. பாலம் வர வேண்டிய பலகை. அதன் அளவு நோட்டோடு போய்விட்டது. ஒரு முறை நான் கேட்டேன்: "போய் மறுபடியும் அளந்தா இன்னா? இப்ப யாரு கேக்கப்போறா?"

"டேப்போட இன்னொரு முனைய யாரு புடிப்பா?" என்றார்.

நான் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு அந்தப் பாதையை அகலப்பாதையாக மாற்றினார்கள். பழைய பாலம் போய்விட்டது. அண்ணன் அதைப் பார்க்கப் போகவில்லை.

கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி. ஊசி போட்டுப் போட்டுக் கை வீங்கிவிட்டது, இரும்பு ஸ்கேலைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஒரு நாள் காலை, அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார்.

சாவுக்கு வேலு மாமா வந்தார். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தெருமுனையில் மாலையோடு நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. பெரியப்பா மகன் சத்தமாகவே, "இவன் இன்னாத்துக்கு வந்தான்? மிச்சம் ஏதாச்சும் காட்டிக்குடுக்க இருக்குதா?" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். வேலு மாமா மாலையை அங்கேயே ஒரு சைக்கிள் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். என் கல்யாணம் முடிந்து பேரன் எடுத்தாகிவிட்டது. பயப்பட எனக்கு ஒன்றுமே இல்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இருபது வயதில் செய்ததற்குச் சாக்கு சொல்லலாம். இதற்குச் சொல்ல முடியாது.

போன மாதம் கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினேன். ஊரில் இருக்க முடியாமல் வேலு மாமா அப்போதே வெள்ளிமலைக்குப் போய்விட்டார். அங்கே தேநீர்க் கடை வைத்திருக்கிறார், கடுக்காய், புளி வாங்கி விற்கிறார். என்னைப் பார்த்ததும், "யாரு, செல்வியா? இன்னாமே இவ்ளோ தூரம்?" என்றார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் எழுந்து போய், கடைக்கு வந்த இரண்டு பேருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கே. நான் போலீஸ் ஸ்டேஷன்ல நின்னத அது பாத்துச்சு."

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவன் என்னத் தப்பா நெனச்சிக்கினான்னுதான் நான் இருந்தேன். தப்பா நெனச்சவன் மேல கோவம் வராது, ஊரு சொல்லுச்சு, நம்பிட்டான், போவட்டும். இவன் தெரிஞ்சிக்கினே மூஞ்சியத் திருப்பிக்கினு போயிருக்கான்."

"மன்னிச்சிக்கோங்க மாமா."

"அதெல்லாம் வாணாம். இப்ப இன்னா பண்ணப்போற?"

"மலர்ல எழுதப்போறேன். எல்லாருக்கும் போவும்."

"உன்னப் பத்தி எழுதுவ. அவன் தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தான்றத எழுதுவியா? எழுத மாட்ட. செத்தவனப் பத்தி யாரும் எழுத மாட்டாங்க. தங்கச்சிய காப்பாத்தின தெய்வம்னு எழுதிப்புடுவ."

உண்மையில் அப்படித்தான் எழுத நினைத்திருந்தேன். "எழுதறேன் மாமா," என்றேன்.

"எழுதினா பாப்போம்," என்றார். தேநீருக்குக் காசு வாங்கவில்லை.

அண்ணியிடமும் மகளிடமும் வந்து சொன்னேன். அண்ணி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள், "எழுதுங்க. அவர எறக்கிப் பேசறதா நான் நெனைக்க மாட்டேன்," என்றார். இந்த எழுத்தைக் கணினியில் அடித்தது அண்ணன் மகள்தான்.

ஆகவே எழுதுகிறேன். என் அண்ணன் நல்லவர். தங்கைக்காக ஒரு வேலையையும் ஒரு வாழ்நாளையும் விட்டவர். குற்றமில்லாத நண்பன் மேல் விழுந்த பழியை ஒரே வார்த்தையில் நீக்கியிருக்கலாம், நீக்கவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான். அந்தத் தவறில் பெரிய பங்கு என்னுடையது.

ஜாமீனுக்கு வந்த தேநீர்க் கடைக்காரர் குடும்பத்துக்கும், பொறுமையாக வாதாடிய வக்கீலுக்கும், சக்கரம் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரருக்கும், ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று நாள் ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், இரண்டு வருடம் தூங்காத அண்ணிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும்.

வேலு மாமாவுக்கு நேரில் போய் வருட நினைவு நாளுக்குப் பத்திரிகை வைத்திருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. மலை பஸ் பத்தரைக்கு வரும். பந்தியை அதற்குப் பிறகுதான் ஆரம்பிப்போம். அவர் வந்தால் முதல் இலை அவருக்கு, பக்கத்து இலை எனக்கு. அந்த வரிசையில் உட்காரப் பிடிக்காதவர்கள் சாப்பிடாமல் போகலாம். யாரையும் நான் கையைப் பிடித்து இழுக்க மாட்டேன்.

அவர் வராவிட்டால், அடுத்த பஸ்ஸில் இந்த மலரை எடுத்துக்கொண்டு நான் போவேன்.

இப்படிக்கு,
தங்கை